இடப்பக்கம் ஒரு சின்ன மேடு

வந்திருந்தவர்கள்:

முனைவர் ஏசுபாதம், இயற்பியல் துறைத் தலைவர், ஆய்வு நெறியாளர்.
முனைவர் மோகன்ராஜ், வேறு கல்லூரியிலிருந்து வந்த ஆய்வுக்குழு உறுப்பினர்.
அனுப்பிரியா, ஆய்வு மாணவி, ஆறாம் ஆண்டு.
ஆரோன், ஆய்வக உதவியாளர்.
இர்ஃபான், முன்னாள் ஆய்வு மாணவர்.

வராதது: மூல டேட்டா இருந்த ஹார்ட் டிஸ்க். அது செத்து இரண்டு வருடம் ஆகிறது.

மினிட்ஸ் நோட்டில் கடைசி வரி தவிர மற்றதெல்லாம் இப்படித்தான் எழுதியிருந்தது. எழுதியவள் அனுப்பிரியா. இர்ஃபானின் பெயருக்குப் பக்கத்தில் முதலில் 'ஆய்வு மாணவர்' என்று எழுதிவிட்டு, பிறகு 'முன்னாள்' என்பதை மேலே பொடி எழுத்தில் செருகியிருந்தாள். மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த இர்ஃபான் அதைத் தலைகீழாகப் படித்தான். ஆரோனுக்கு அந்தக் கூட்டத்தில் எந்த வேலையும் இல்லை. ஏசி ரிமோட் அவர் கையில் இருந்தது, அதனால் அவரும் இருந்தார்.

தன்னை ஏன் கூப்பிட்டார்கள் என்று இர்ஃபானுக்கு இன்னும் பிடிபடவில்லை. முந்தைய நாள் சாயங்காலம் அனுப்பிரியாவிடமிருந்து போன் வந்தது. இரண்டு வருடத்தில் முதல் போன்.

"நாளைக்குப் பத்து மணிக்கு லேபுக்கு வர முடியுமா? உன் ஷிஃப்ட் பத்தி கேக்கணுமாம்."

"என் ஷிஃப்ட் காலைல ஆறு மணிக்கு முடியுது. பிரேக் டிரம் அளவு சரியா இருக்கான்னு பாக்கறேன். அதுல உங்களுக்கு என்ன வேணும்?"

"அது இல்ல. பீம் டைம்ல பாத்த ஷிஃப்ட். ரெண்டரை வருஷம் முன்னாடி."

அவன் சரி என்றான். ஏன் சரி என்றான் என்பதும் அவனுக்குத் தெரியாது. மறைமலை நகரில் வார்ப்பு கம்பெனியில் ராத்திரி முழுக்க நின்றுவிட்டு, ஊரப்பாக்கம் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, படுக்காமல் கிளம்பினான். ஜிஎஸ்டி ரோட்டில் பஸ் நகரவில்லை. ஜன்னல் கம்பியில் தலை இடிக்க இடிக்கத் தூங்கினான். தாம்பரம் தாண்டிவிட்டோமோ என்று இரண்டு முறை பதறி எழுந்தான்.

ஆய்வை விட்டதற்கு அவனிடம் பெரிய கதை ஏதும் கிடையாது. ஒரு நாள் லேபுக்குப் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. மூன்றாம் வாரம் போகாமலிருப்பது பழகிவிட்டது. கேட்டவர்களுக்கெல்லாம் வேறு வேறு காரணம் சொன்னான். எல்லாமே கொஞ்சம் உண்மை.

கல்லூரி வராந்தாவில், டிடெக்டரைக் குளிரவைக்கும் நைட்ரஜன் கேனை உருட்டிக்கொண்டு ஆரோன் எதிரே வந்தார்.

"இன்னா பாய், தூங்கவே இல்லியா? கண்ணு ரெண்டும் மொளகா பழம் மாரி கீது."

"நைட் ஷிஃப்ட் அண்ணா."

"படிச்சப்பவும் இப்டித்தான் இருந்த. அப்போ சும்மா முழிச்சிகினு இருந்த. இப்போ சம்பளத்துக்கு முழிச்சிகினு கீற. முன்னேற்றம்தான்."

லேப் வாசலிலேயே அனுப்பிரியா அவனை மடக்கினாள். நலம் விசாரிக்கவில்லை.

"உள்ள போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். ஞாபகம் இருந்தா சொல்லு. இல்லன்னா இல்லன்னு சொல்லு. இருக்கிற மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்குன்னு இழுக்காத. முப்பதாம் தேதிக்குள்ள சினாப்சிஸ் கொடுக்கணும். அதோட ஆறு வருஷம் முடியுது. நாலாவது சாப்டர் நின்னாதான் தீசிஸ் நிக்கும்."

"நாலாவது சாப்டர்ல என்ன இருக்கு?"

"சின்னவன்," என்றாள்.

சின்னவன் யார் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அணுக்கருவுக்குள் புரோட்டானும் நியூட்ரானும் இருக்கின்றன. ஒரு கருவில் புரோட்டான் எத்தனையோ அத்தனை நியூட்ரான், நியூட்ரான் எத்தனையோ அத்தனை புரோட்டான் என்று மாற்றி வைத்தால் கிடைப்பது, கண்ணாடிப் பிம்பம் போல, அதன் ஆடிக் கரு. இப்படி ஒரு ஜோடியைத்தான் இந்த லேப் துரத்திக்கொண்டிருந்தது. ஜோடியில் ஒருவனை உலகத்துக்கே தெரியும், அவன் பெரியவன். மற்றவனின் உள்நிலைகளை அதுவரை யாரும் பார்த்ததில்லை, அவன் சின்னவன். பெயர் வைத்தது இர்ஃபான்தான்.

வடக்கே ஒரு ஆய்வு மையத்தின் ஆக்ஸிலரேட்டரில் பீம் டைம், அதாவது சில நாள் முறை, கிடைக்கும்; அங்கே ஒரு கருவை இன்னொன்றின் மேல் மோதவிட்டால் இருவருமே கிளர்ச்சியோடு பிறப்பார்கள். பிறந்த வேகத்தில் காமாக் கதிர்களைக் கக்கிவிட்டு அடங்குவார்கள். அந்தக் கதிர்களின் ஆற்றலைச் சுற்றிலும் வைத்த எட்டு ஜெர்மானியம் டிடெக்டர்கள் அளக்கும். வரைபடத்தில் ஒவ்வொரு ஆற்றலுக்கும் ஒரு முகடு எழும். ஆடிக் கருக்களின் முகடுகள் ஏறக்குறைய ஒரே இடத்தில் வரும். ஏறக்குறையத்தான். புரோட்டான்கள் ஒன்றையொன்று தள்ளும், நியூட்ரான்களுக்கு அந்தத் தள்ளல் கிடையாது. அதனால் சின்னவனின் முகடு பெரியவனின் முகட்டிலிருந்து சில கிலோ எலக்ட்ரான் வோல்ட் விலகி நிற்கும். அந்த விலகல்தான் அனுப்பிரியாவின் ஆறு வருடம்.

சிக்கல் என்னவென்றால் பெரியவன் மூட்டை மூட்டையாகக் கிடைப்பான். சின்னவன் எப்போதாவது ஒன்று தேறினால் அதிகம்.

உள்ளே, சுவரில் வரைபடம் விழுந்திருந்தது. பெரியவனின் மூன்று முகடுகள் கோபுரம் போல நின்றன. ஒவ்வொன்றுக்கும் இடப்பக்கத்தில், காலடியில், ஒரு சின்ன மேடு. மூன்று மேடுகள். இவைதான் சின்னவன் என்று நாலாவது அத்தியாயம் சொல்லியது.

"போன மீட்டிங்ல ஒரு விஷயம் கேட்டேன்," என்றார் மோகன்ராஜ். மெலிந்த ஆள், குரலும் மெலிவு. "டேட்டாவை ஷிஃப்ட் வாரியா பிரிச்சுப் பாருங்கன்னு. பிரிச்சாங்க. அந்த மேடு உங்க ஷிஃப்ட்ல மட்டும்தான் வருது தம்பி. மூணு நாள், காலை நாலுல இருந்து பன்னெண்டு வரைக்கும். மத்த ஷிஃப்ட்ல சுத்தமா இல்ல."

இர்ஃபான் வரைபடத்தைப் பார்த்தான். பிறகு மோகன்ராஜைப் பார்த்தான். இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வதா, குற்றச்சாட்டு என்று எடுத்துக்கொள்வதா என்று விளங்கவில்லை.

"எட்டு டிடெக்டர்ல எதுல வருது சார்?"

"அதான் தெரியாதே," என்றார் ஏசுபாதம். "தனித்தனி டேட்டா டிஸ்க்கோட போச்சு. ஒவ்வொரு ரன்னுக்கும் எட்டையும் சேர்த்துக் கூட்டின வரைபடம்தான் கையில இருக்கு. இதப் பாருப்பா, விஷயம் சிம்பிள். உன் ஷிஃப்ட்ல பீம் நல்லா வந்திருக்கு. அவ்வளவுதான்."

"பீம் ஜாஸ்தின்னா பெரியவனும் ஜாஸ்தி வரணும் சார்," என்றார் மோகன்ராஜ். "பெரியவன் எல்லா ஷிஃப்ட்லயும் ஒரே அளவுதான் வந்திருக்கான்."

"அப்ப எனர்ஜி ஏத்தியிருப்பாங்க. கொஞ்சம் ஏத்தினாலே சின்னவன் பொறக்க ஆரம்பிச்சிடுவான். இர்ஃபான், ஆப்பரேட்டர் பீம் எனர்ஜிய ஏத்தினார்னு நீ எங்கிட்ட சொன்ன மாதிரி ஞாபகம்."

"லாக் புக்ல இருக்கா சார்?"

"இல்ல. எழுத மறந்திருப்ப. தூக்கக் கலக்கம்."

ஏசுபாதம் கெட்டவர் இல்லை. பொய் சொல்லு என்று அவர் கேட்கவில்லை. தனக்கு அப்படி ஞாபகம் என்றுதான் சொன்னார். ஒருவேளை நிஜமாகவே அவருக்கு அப்படித்தான் ஞாபகமோ என்னவோ. இர்ஃபான் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அனுப்பிரியாவின் அத்தியாயம் நின்றுவிடும். ஏற்றினாரா? ஆப்பரேட்டரின் முகம் அவனுக்கு நினைவுக்கு வந்தது. மீசை. எப்போதும் வேர்க்கடலை தின்றுகொண்டிருப்பார். எனர்ஜியை ஏற்றினாரா இல்லையா என்பது மட்டும் வரவில்லை.

"ஞாபகம் இல்ல சார்," என்றான்.

அனுப்பிரியா மினிட்ஸ் நோட்டில் எதையோ எழுதினாள். பேனா அழுத்தமாகப் போனது.

லாக் புக்கை அவன் முன்னால் நகர்த்தினார்கள். அவன் கையெழுத்துதான். ரன் எண், நேரம், எண்ணிக்கை, நைட்ரஜன் நிரப்பிய நேரம். ஒரு வரியும் விடுபடவில்லை. இவ்வளவு ஒழுங்காக எழுதியவன் யார் என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. அவனுடைய முதல் ஷிஃப்ட் தொடங்குவதற்கு முந்தைய பக்கத்தில் அனுப்பிரியாவின் கையெழுத்து: ஏழாவது டிடெக்டரின் ஆம்ப்ளிஃபையர் பழுது, நம் பெட்டியிலிருந்து வேறொன்று போட்டாகிவிட்டது, அளவு சரிபார்த்தாகிவிட்டது. அவ்வளவுதான். மேட்டைப் பற்றி அந்த நோட்டில் யாரும் எதுவும் எழுதவில்லை. எழுத யாருக்கும் அப்போது தெரியாது.

அவனுக்கு நடுங்க ஆரம்பித்தது. ராத்திரி முழுக்க உலைக்குப் பக்கத்தில் நின்ற உடம்பு, இங்கே பதினெட்டு டிகிரி.

"பாய் ஒதர்றாரு. ஏத்தட்டா சார்?" என்று ஆரோன் ரிமோட்டைத் தூக்கினார்.

"வேணாம். சூடு ஏறினா எலக்ட்ரானிக்ஸ் ஆடும்," என்றாள் அனுப்பிரியா.

அவள் ஏதோ வழக்கம்போலத்தான் சொன்னாள். அந்த லேபில் எல்லாரும் ஒரு நாளைக்கு நாலு முறை சொல்லும் வாக்கியம் அது. இர்ஃபானின் மூக்கில் காரணமே இல்லாமல் கருகிய தூசியின் வாசம் வந்தது. காய்ந்த கம்பிச்சுருள் முதன்முதலாகச் சூடேறும்போது வருமே, அந்த வாசம். எங்கே, எப்போது என்று உடனே தெரியவில்லை. கம்பெனி வாசம் இல்லை அது.

மேஜைக்கு அடியில் போனை எடுத்தான். படங்களைப் பின்னோக்கித் தள்ளினான். விரிசல் விட்ட பிரேக் டிரம்கள், அளவு தப்பிய பிரேக் டிரம்கள், தங்கை ஷபீனாவின் நிக்காஹ், மறுபடி பிரேக் டிரம்கள். இரண்டரை வருடம் தள்ளுவதற்குள் கட்டைவிரல் வலித்தது.

படம் கிடைத்தது. ஜனவரி, காலை ஆறு பன்னிரண்டு. மங்கி குல்லா போட்டு, கழுத்தில் போர்வையைச் சுற்றிக்கொண்டு, நாற்காலியில் அவன். முதுகுக்குப் பின்னால் எலக்ட்ரானிக்ஸ் ராக், பச்சை விளக்குகளோடு. நாற்காலிக்கும் ராக்குக்கும் நடுவில், தரையில், இரண்டு கம்பியும் ஆரஞ்சு நிறத்தில் எரியும் ரூம் ஹீட்டர். படத்தை ஷபீனாவுக்கு அனுப்பியிருந்தான். ஏடிஎம் வாட்ச்மேன் மாதிரி இருக்கே என்று பதில் போட்டிருந்தாள். அடுத்த நாளும் ஒரு படம். அதே குல்லா, அதே ஹீட்டர்.

தாம்பரத்துக்காரனுக்கு ஜனவரியில் வடக்கே போனால் உயிர் போய்விடும். இங்கே மார்கழியிலேயே ஃபேனை நிறுத்தாத ஜனங்கள். அங்கே இருந்தவர்கள் ஸ்வெட்டரோடு சாதாரணமாக நடமாடினார்கள். இவன்தான் வந்த அன்றே ஸ்டோர் ரூமிலிருந்து ஹீட்டரை இழுத்து வந்தான். லாக் புக்கில் பீமை எழுதலாம், நைட்ரஜனை எழுதலாம். எனக்குக் குளிர்கிறது என்று யார் எழுதுவார்கள்?

சரி, ஹீட்டர். அதனால் என்ன? அவன் போனைக் கவிழ்த்து வைத்தான். தலைக்குள் நூல் ஏதோ ஆடியது, பிடிக்கப் போனால் கையில் சிக்கவில்லை. சுவரில் இப்போது வேறு படம். மூன்று முகடு, மூன்று விலகல். 1086-இல் 3.8. 1314-இல் 4.6. 1572-இல் 5.5. ஆற்றல் ஏற ஏற விலகலும் ஒழுங்காக ஏறியது. ஏசுபாதம் அந்த ஏறுமுகக் கோட்டை விரலால் தடவிக் காட்டினார்.

"இப்படி வழவழன்னு ஏறுறது கோட்பாட்டோட ஒத்துப்போகுது. குப்பையா இருந்தா இப்படி ஏறுமா?"

இர்ஃபான் அந்த எண்களையே பார்த்தான். கம்பெனியில் முதல் மாதம் சூப்பர்வைசர் தயாளன் அவனைத் திட்டியது நினைவுக்கு வந்தது. அளவு குறைகிறது என்று மூன்று டிரம்மை ஒதுக்கி வைத்திருந்தான். "எவ்ளோ கொறையுதுன்னு பாக்காத. எத்தன சதவீதம் கொறையுதுன்னு பாரு. வார்ப்பு ஆறும்போது சுருங்கும். பெரிய அளவு ஜாஸ்தி சுருங்கும், சின்ன அளவு கம்மியா சுருங்கும், ஆனா சதவீதம் ஒண்ணுதான். மூணு அளவும் ஒரே சதவீதம்னா அது வேற பீஸ் இல்ல, அதே பீஸ்தான், கொஞ்சம் சுருங்கியிருக்கு."

போனில் கால்குலேட்டரைத் திறந்தான். 3.8-ஐ 1086-ஆல் வகுத்தான். 0.35 சதவீதம். 4.6-ஐ 1314-ஆல். 0.35. எங்கோ தப்பாக அழுத்திவிட்டோம் என்று நினைத்து மறுபடி அழுத்தினான். 5.5-ஐ 1572-ஆல். 0.35.

கால்குலேட்டரை மூடினான். இது உண்மையென்றால் அனுப்பிரியாவுக்கு அத்தியாயம் இல்லை. பொய்யென்றால், விட்டுவிட்டு ஓடியவன் இரண்டு வருடம் கழித்து வந்து குட்டையைக் கலக்கினான் என்று ஆகும். ஆறு வருடம் இங்கேயே உட்கார்ந்திருந்தவளுக்குத் தெரியாதது, இரண்டு வருடமாக டிரம்மை உருட்டுகிறவனுக்கு எப்படித் தெரியும்? அவனுக்கு அவன் மேலேயே நம்பிக்கை வரவில்லை. படத்தை அழித்துவிட்டால் அது இருந்தது என்பதே யாருக்கும் தெரியாது. ஷபீனா இதையெல்லாம் வைத்திருக்கமாட்டாள்.

"அப்ப எழுதிக்கலாமா?" என்றார் ஏசுபாதம். "இர்ஃபான் ஷிஃப்ட்ல அசாதாரணமா எதுவும் நடக்கல. சரிதானே?"

"அனு, அந்த மூணையும் வகுத்துப் பாத்தியா?" என்றான் இர்ஃபான்.

"எதை எதால?"

"விலகலை எனர்ஜியால."

"ஆடிக் கருல யாரும் வகுக்க மாட்டாங்க. கழிப்பாங்க. அதான் முறை."

"வகுத்துப் பாரு."

அவள் கால்குலேட்டரை எடுக்கவில்லை. மூன்று எண்களையும் உதடு அசையாமல் மனதுக்குள் வகுத்தாள். மூன்றாவதுக்கு வந்தபோது பேனாவைக் கீழே வைத்தாள்.

மோகன்ராஜும் ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்தார். "ஒரே விகிதம்," என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

"இருக்கட்டுமே," என்றார் ஏசுபாதம். "ஆடின்னாலே ஒரே மாதிரி இருக்கிறதுதானே."

"ஒரே மாதிரி இருக்கணும் சார், இவ்ளோ ஒரே மாதிரி இருக்கக் கூடாது. தம்பின்னா எங்கயாவது ஒரு இடத்துல அண்ணன விட்டு மாறியிருப்பான். இது பெரியவனோட ஜெராக்ஸ். தொண்ணூத்தொம்பது புள்ளி ஆறு அஞ்சு சதவீதம் வெச்சு எடுத்தது." சொன்னதும் இர்ஃபானுக்குத் தன் குரல் கம்பெனிக் குரலாகக் கேட்டது. ஒதுக்கிவைத்த டிரம்மைப் பற்றிப் பேசும் குரல். போனைத் திருப்பி மேஜை மேல் வைத்தான். "ஹீட்டர் சார்."

முதலில் ஆரோன்தான் எட்டிப் பார்த்தார். "யார்ரா இது, குளுருக்கு பயந்த கொரங்கு மாரி." பிறகு யாரும் சிரிக்காததைக் கவனித்து உட்கார்ந்துகொண்டார்.

அனுப்பிரியா படத்தைப் பெரிதாக்கினாள். ராக்கின் கீழ்வரிசை. விரலால் நகர்த்தி நகர்த்தி ஒரு இடத்தில் நின்றாள்.

"இது நான் போட்டது," என்றாள். "ஏழாவது டிடெக்டருக்கு. நம்ம பழைய ஆம்ப்ளிஃபையர். ராத்திரி குளிர்லயே அளவு சரிபார்த்துட்டுப் போனேன். ஹீட்டர் அதுல இருந்து எவ்ளோ தூரம்?"

"ஒரு முழம் இருக்கும்."

"ஏன் அங்க போய் உக்காந்த? மேஜை அந்தப் பக்கம் இருக்கு."

"நீதான் சொன்ன. புதுசா மாத்தியிருக்கு, அரை மணிக்கு ஒரு தடவை ஸ்கோப்ல சிக்னலைப் பாருன்னு. எழுந்து எழுந்து வர சோம்பேறித்தனம். நாற்காலிய அங்கயே போட்டுட்டேன்."

அவளுடைய ஷிஃப்டில் ஹீட்டர் மேஜைக்கு அடியில் இருந்தது, கால் காய. மதிய ஷிஃப்ட் பார்த்த உள்ளூர்க்காரர்களுக்கு ஹீட்டரே தேவைப்படவில்லை. ஒழுங்காகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ராக்கோடு ஒட்டி உட்கார்ந்தவன் இவன் ஒருவன்தான்.

"சூடானா ஆம்ப்ளிஃபையரோட கெயின், அதான் பெருக்கம், இறங்கும்," என்றார் மோகன்ராஜ் மெதுவாக. "எட்டு டிடெக்டர்ல ஒண்ணு மட்டும் எல்லாத்தையும் கொஞ்சம் கம்மியா அளந்திருக்கு. எட்டையும் கூட்டினா ஏழு சரியான இடத்துல, ஒண்ணு இடப்பக்கம் தள்ளி."

"இதெல்லாம் ஊகம்," என்றார் ஏசுபாதம். அவர் முகம் சிவக்கவில்லை, வெளுத்திருந்தது. "இரண்டு வருஷம் கழிச்சு ஒரு போட்டோ. பாதியில விட்டுட்டுப் போனவன் பேச்சு. இதை வெச்சு ஒரு சாப்டரைத் தூக்கிப் போடணுமா?"

"அந்த ஆம்ப்ளிஃபையர் எங்க?" என்றாள் அனுப்பிரியா.

"பீரோல கீது," என்றார் ஆரோன். "வந்ததுலேந்து பெட்டியவே பிரிக்கல."

பரிசோதனைக்கு அரை நாள் போனது. லேபில் இருந்த ஒற்றை டிடெக்டரோடு அந்த ஆம்ப்ளிஃபையரை மாட்டினார்கள். பெரிய இடங்களில் அளவு சரிபார்க்க முறையான கதிர் மூலங்கள் வைத்திருப்பார்கள். இந்த லேபில் படப்பை உரக்கடையில் வாங்கிய பொட்டாஷ் பாக்கெட்தான். பொட்டாசியத்தில் இயற்கையாகவே கொஞ்சம் கதிரியக்கம் உண்டு. பொறுமையாக உட்கார்ந்தால் 1460.8-இல் ஒரு முகடு எழும். எழுந்தது. அனுப்பிரியா எண்ணை எழுதினாள்.

ஹீட்டர் தாம்பரத்தில் யாரிடம் இருக்கும்? ஆரோன் கெமிஸ்ட்ரி லேபுக்குப் போய்க் குடுவை காயவைக்கும் ஹேர் டிரையரை வாங்கி வந்தார். ஒரு முழம் தள்ளி ஸ்டூலில் வைத்து ஓட விட்டார்கள். ஊதி ஊதி டிரையர் களைத்தால் ஆரோன் அதைக் கொஞ்சம் அணைத்து ஆறவிட்டு மறுபடி போட்டார். இர்ஃபான் சுவரில் சாய்ந்து நின்றபடி இரண்டு முறை தூங்கினான். முகடு நகர வேண்டும் என்று விரும்புகிறானா, நகரக்கூடாது என்று விரும்புகிறானா என்று அவனுக்குத் தெரியவில்லை. விழிக்கும்போதெல்லாம் வேறு வேறாகத் தோன்றியது.

நகர்ந்தது. 1456.7.

"நாலு புள்ளி ஒண்ணு," என்றார் மோகன்ராஜ்.

"உன் கணக்குப்படி அஞ்சு புள்ளி ஒண்ணு இறங்கணும்," என்றார் ஏசுபாதம் உடனே. "இறங்கலையே."

"டிரையர் வேற, ஹீட்டர் வேற சார். அங்க எட்டு மணி நேரம் காஞ்சது," என்றார் மோகன்ராஜ்.

"வேறன்னா அப்புறம் இது எப்படி நிரூபணம்?"

இரண்டு பேரும் சொன்னது சரியாகத்தான் பட்டது இர்ஃபானுக்கு. நாலு இறங்கியது. ஐந்து இறங்கவில்லை. அந்த ஒன்றுக்குள் சின்னவன் ஒளிந்திருக்கிறானா, இல்லை அங்கே ஒன்றுமே இல்லையா? எட்டு டிடெக்டரின் தனித்தனிக் கணக்கு இருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அது இல்லை. இனி வரப்போவதும் இல்லை.

அனுப்பிரியா டிரையரை அணைத்தாள். காத்திருந்து மறுபடி எண்ணினாள். முகடு பழைய இடத்துக்கே திரும்பி வந்தது. மறுபடி போட்டாள். மறுபடி இறங்கியது. அதற்கு மேல் அவள் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

"சார், நாலாவது சாப்டர் இப்படிப் போகாது," என்றாள். "சின்னவனைப் பாத்தோம்னு எழுத முடியாது. இவன் ஷிஃப்ட், என் ஷிஃப்ட் எல்லாத்தையும் வெச்சு, சின்னவன் இருந்தாலும் இந்த அளவுக்கு மேல இல்லன்னுதான் எழுத முடியும்."

"இல்லங்கறதுக்கு யார் டிகிரி கொடுப்பா?"

"தெரியல சார். எக்ஸ்டென்ஷன் லெட்டர் எழுதித் தரேன். கையெழுத்து மட்டும் போடுங்க."

ஏசுபாதம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்ததையே மறுபடி துடைத்தார், பிறகு மூன்று மணி வகுப்பு இருக்கிறது என்று எழுந்து போனார். அன்றைக்கு அவருக்கு மதியம் வகுப்பு இல்லை என்பது ஆரோனுக்குத் தெரியும். மோகன்ராஜ் மினிட்ஸ் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "நல்ல வேளை தம்பி, தீசிஸ் திருத்தற வெளிநாட்டு ரெஃபரி கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி நாமளே கண்டுபிடிச்சோம்," என்று இர்ஃபானிடம் சொல்லிவிட்டு ரயிலுக்குக் கிளம்பினார். அதை ஆறுதல் என்று சொன்னார் போலிருக்கிறது. ஆரோன் டிரையரைத் திருப்பிக் கொடுக்கப் போனார்.

அறையில் இருவர் மட்டும்.

"படத்தை அனுப்பு," என்றாள் அனுப்பிரியா. "மூணு நாளும்."

"ரெண்டு நாள்தான் இருக்கு."

"ரெண்டையும் அனுப்பு."

அனுப்பினான். மேஜை மேல் அவள் போன் இரண்டு முறை அதிர்ந்தது. அவள் எடுத்துப் பார்க்கவில்லை. பீரோவைத் திறந்து ஒரு தெர்மாமீட்டரைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"நான் வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாமா?" என்றான்.

"இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கணுமா?"

தெர்மாமீட்டர் கிடைத்தது. ஆம்ப்ளிஃபையரின் மேல் அதை வைத்து டேப் ஒட்டினாள். "டிகிரி டிகிரியா ஏத்தி எடுக்கணும். இல்லன்னா அந்த ஒண்ணுக்குப் பதில் கிடைக்காது," என்றாள். அவனிடம் சொன்னாளா, தனக்குத்தானே சொன்னாளா என்று தெரியவில்லை.

"நான் இருக்கவா? எண்ணு எழுதிக் கொடுக்கறேன்."

அவள் அப்போதுதான் அவனைத் திரும்பிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். கோபம் என்று சொல்ல முடியாது, நன்றி என்றும் சொல்ல முடியாது. இரண்டரை வருடத்துக்கு முன்பு அதிகாலை நாலு மணிக்கு ஷிஃப்ட் மாறும்போது, லாக் புக்கை அவன் கையில் கொடுத்துவிட்டு இதே மாதிரிதான் பார்த்தாள். அப்போதும் அவனுக்கு அர்த்தம் தெரியவில்லை.

"உனக்கு ராத்திரி பத்து மணிக்கு வேலை. போய்த் தூங்கு."

அவன் பையை எடுத்துக்கொண்டு நடந்தான். கதவைத் திறந்தபோது வராந்தாவின் வெக்கை முகத்தில் அறைந்தது.

"சீக்கிரம் வெளிய போ," என்றாள் பின்னாலிருந்து. "திறந்து வெச்சா உள்ள டிகிரி ஏறும்."

வெளியே வந்தான். திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் கதவு அவன் முகத்துக்கு நேராக வந்து மூடியது. உள்ளேயிருந்து சாவி ஒரு முறை திரும்பியது. சரியாக விழவில்லை போலிருக்கிறது; இன்னொரு முறை திரும்பியது.